சீர்திருத்தமும் ஒற்றை மண்டபப் பள்ளிக்கூடமும்



பாடசாலைகளைச் சீர்திருத்தும் வழிகள் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்துள்ளனர். பொருளோ மிகப் பரந்தது. எனக்குத் தரப்பட்ட நேரமோ கால்மணி. ஆதலின், அப்பெரும் பொருளின் ஒரு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றேன். அது மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை. நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் அங்கே கடமையாற்றியவன் என்பதைத் தவிர, இப்பொருளிற் பேசுதற்கு எனக்கு வேறு தகுதி யாதுமில்லை.

நமது நாட்டிலே சீர்திருத்தங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1943ஆம் ஆண்டிலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாக 1945 ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் ஈறாகக் கட்டணமின்றிக் கற்கும் உரிமை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழியே போதனாமொழியாயிற்று. பட்டினத்துப் பெருங் கல்லூரிகளுக்கு நிகராகக் கிராமப்புறங்களிலே மத்திய பாடசாலைகள் எழுந்தன. அன்னாரது பதவிக்கால முடிவிலே அவை 54 ஆகப் பெருகியிருந்தன. ஏழைக் கமக்காரனின் மகன் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிலே திறமை காட்டினால், விடுதியிலே தங்கிக் கற்க வழி பிறந்தது. இத்துணையும் செய்த பெரியாரை 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்காளர் தோற்கடித்தார்கள். சீர்திருத்தக்காரர் தம் காலத்திலே நன்றியை எதிர்பார்த்தல் கூடாது போலும்!

பின்னர் 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1972ஆம் ஆண்டிலே பாடத்திட்டமே மாறிற்று. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை வந்தது. அந்தந்த ஊர்த் தொழில்களையொட்டித் தொழின்முன்னிலைப் பாடங்கள் புகுந்தன. கருத்து நல்ல கருத்தே. ஆயினும், பிள்ளையை மண்வெட்டியிலிருந்து மீட்பதற்காகவே பாடசாலைக்கு அனுப்பிய தந்தை, அங்கேயும் மண்வெட்டியைக் கண்டபோது முகஞ் சுளித்தான். அவனைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. 1977ஆம் ஆண்டிலே ஆட்சி மாறியதும் பழைய பரீட்சை மீண்டது. வயதும் மீண்டும் ஐந்தாயிற்று.

இத்தனை மாற்றங்களும் நிகழ்ந்தபோது தோட்டத்துப் பிள்ளை எங்கே இருந்தது? இலவசக் கல்வியின் பெருவாயில் நாட்டுக்கெல்லாம் திறந்தபோது அப்பிள்ளை வாயிலுக்கு வெளியே நின்றது. தோட்டத்திலே பாடசாலை நடத்துதல் தோட்ட நிருவாகத்தின் கடமை என்று 1920ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வகுத்திருந்தது. அந்நிலையே பல்லாண்டு நீடித்தது. கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டியவர்கள் எழுதும் கைகளை எவ்வளவுக்கு விரும்பியிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். பெருந்தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் வந்த பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. ஏனையோருக்கு வந்த உரிமை இவர்களை அடைய ஏறக்குறைய ஒரு தலைமுறைக்காலம் பிந்திற்று.

எண்பதுகளின் தொடக்கத்திலே அத்தகைய ஒரு பாடசாலைக்கு நான் நியமனம் பெற்றுச் சென்றேன். ஒரே மண்டபம், தகரக் கூரை, இடையிலே மறைப்பு ஒன்றுமில்லை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பார் எட்டாம் வாய்பாட்டை உரத்துச் சொல்லும்போது முதலாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ என்பதை எங்ஙனம் கேட்கும்? மழை வந்தாலோ கூரையின் ஓசையிலே எல்லா வகுப்புகளும் ஒருங்கே மௌனமாகிவிடும். மலைநாட்டிலே மழைக்குக் குறைவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கலாசாலையிலே நான் கற்ற போதனாமுறை யாவும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்னும் எண்ணத்தின்மேற் கட்டப்பட்டது. மூன்று வகுப்புகளை ஒருங்கே வைத்திருப்பவன் என்ன செய்வது என்று எவரும் எனக்குக் கூறவில்லை. தட்டுத்தடுமாறி நானே கண்டவை சில. காலையில் முதல் ஒரு மணி நேரத்தைச் சிறுவகுப்பாருக்கே கொடுத்தேன். அப்பொழுது பெரிய பிள்ளைகள் அட்டைகளிலே எழுதிவைத்த கணக்குகளைத் தாமாகச் செய்தார்கள். வாய்விட்டுப் படிக்கும் வகுப்பை வெயிற்காலத்திலே வெளியே மரத்தடிக்கு அனுப்பினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மூவருக்கு வாசிப்புக் காட்டிற்று. அதனாற் பெரிய பிள்ளையின் நேரம் வீணாகும் என்று அஞ்சினேன். கற்பிக்கும் பிள்ளையே நன்றாகக் கற்றது. இம்முறைக்குப் பல்தர வகுப்புக் கற்பித்தல் என்று பெயர் உண்டு என்பதை, ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு பயிற்சி வகுப்பிலே அறிந்து மகிழ்ந்தேன்.

ஆயின் வரவு இடாப்பு என்னை வருத்திற்று. ஐம்பது பேர் பதிந்த இடத்திலே முப்பது பேர் வந்தால் அது நல்ல நாள். பெற்றோரை அழைத்துப் பேசுதல் நலம் என எண்ணி, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தேன். வந்தவர் இருவர், இருவரும் வேலையினின்று ஓய்ந்த முதியோர். எனக்குச் சினம் மூண்டது. அன்றே சம்பவத் திரட்டுப் புத்தகத்தில், “இத்தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை இல்லை” என்று எழுதி ஒப்பமும் இட்டேன்.

வந்திருந்த பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “வாத்தியாரையா, பத்து மணிக்கு மலையிலே கொழுந்து எடுக்கிறவள் எப்படி இறங்கி வருவாள்? வந்தால் அரைப்பேர்தானே போடுவார்கள்? அரைப்பேரோடு வந்தால் ராத்திரி அடுப்பிலே என்ன வைப்பாள்?”

அரைப்பேர் என்பது அரைநாட் சம்பளம். நான் அரிச்சுவடி கற்பிக்க வந்தவன். அப்பாட்டி எனக்கு அரிச்சுவடி கற்பித்தாள்.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வைத்தோம். மண்டபத்திலே நிற்க இடமில்லை. அன்றுதான் வரவு குறைந்த காரணமும் தெரிந்தது. பிள்ளைமடுவம் ஒழுங்காக நடவாத நாட்களிலே கைக்குழந்தையைப் பார்ப்பதற்கு மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்கவேண்டும். என் இடாப்பிலே சிவப்புக் கோடு பெற்ற பிள்ளைகளிற் பெரும்பாலார் எட்டு வயதும் ஒன்பது வயதும் உடைய அக்காமாரே! பெற்றோர் சிலர் சேர்ந்து துரையிடம் சென்று பேசினர். பிள்ளைமடுவம் நாள்தோறும் திறக்கப்பட்டது. எனது மூன்றாம் வகுப்பு நிறைந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் பிள்ளைமடுவத்தைப் பற்றி ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மேலிடத்து உதவியைக் குறைத்துப் பேசுவதாக எவரும் கருதவேண்டாம். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் தளபாடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையிலே ஶ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இவற்றுள் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது, தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்று ஆசிரியராகத் திரும்பியமைதான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆனால் குளிருக்கும் தனிமைக்கும் அஞ்சி, வந்த நாள்முதல் இடமாற்ற விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர்களிற் பலர். நானும் முதலாண்டிலே ஒன்று எழுதினேன், அனுப்பவில்லை.

இன்னும் தீராத குறை ஒன்றைச் சொல்லவேண்டும். கட்டாயக் கல்வியின் மேல் வயதெல்லையை 2016ஆம் ஆண்டிலே 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். வரவேற்கத்தக்கதே. ஆயின் ஐந்தாம் வகுப்போடு முடியும் தோட்டப் பாடசாலையிலே படித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு எங்கே செல்வது? பல மைல் இறங்கிக் கடைத்தெருப் பாடசாலைக்குச் செல்லவேண்டும். காலை பஸ் தவறினால் அன்றைய படிப்பும் தவறும். மாலையில் மூடுபனிக்குள்ளே தேயிலைச் செடிகளுக்கிடையே தனியே வரும் பெண்பிள்ளையை எண்ணித் தாய் அஞ்சுவாள்; ஒரு தவணை அனுப்புவாள், மறு தவணை நிறுத்திவிடுவாள். இப்பிள்ளையின் பொருட்டுச் செய்யத்தக்க சீர்திருத்தம் புதிய பரீட்சை அன்று; நேரத்துக்கு வரும் ஒரு பஸ் வண்டி. கல்விக் கந்தோரும் போக்குவரத்துக் கந்தோரும் ஒரு மேசையில் இருந்து பேசினால் ஆகக்கூடியது. அக்கந்தோர்களுக்கு ஆண்டுதோறும் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்னும் பதில் ஆண்டுதோறும் தவறாமல் வந்தது.

சம்பவத் திரட்டுப் புத்தகத்திலே எழுதியதை அழித்தல் ஒழுங்கன்று. எனவே பழைய வரியின்கீழே, “கூட்டம் வைத்த நேரம் பிழையானது. பெற்றோர்மீது பிழையில்லை” என்று வேறொரு திகதியிட்டு எழுதினேன். மறு ஆண்டு மேற்பார்வைக்கு வந்த கல்வியதிகாரி இரண்டு வரிகளையும் படித்துவிட்டு, “இதை ஏன் எழுதினீர்?” என்று கேட்டார். எனக்குப் பின் இந்தக் கதிரையில் இருக்கப்போகிறவர் முதல் வரியை மாத்திரம் படித்துவிடக் கூடாது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதன்கீழே தமது ஒப்பத்தை இட்டார்.