லாரியின் மின்சார வரவு செலவு

அந்தமானில் வாழும் நமக்கு மின்சாரத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெருநிலத்து மின்கம்பிகள் கடலைத் தாண்டி நம்மிடம் வருவதில்லை. நமக்கு வேண்டியதைப் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலைக் கொண்டு இங்கேயே உண்டாக்கிக்கொள்கிறோம். நெடுஞ்சாலையில் ஓடும் லாரியும் இவ்வகையில் ஒரு சிறு தீவே ஆகும். தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கி, தானே சேமித்து, தானே செலவிட வேண்டும். அந்தச் சேமிப்புத் தீர்ந்துபோனால் காட்டு வழியில் கடன் கொடுப்பார் அரிது.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருவழி ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளமுடையது. தமிழ்நாட்டு லாரிகள் செல்லும் தொலைவை நோக்க இது சிறிதுதான். ஆயினும் மின்சேமிப்புக்கு இதைப்போல் சோதனை தரும் சாலை வேறு எளிதில் கிடைக்காது. ஜிர்காட்டாங் சாவடியில் வண்டிகள் குறித்த நேரம் வரை காத்திருந்து, காவலுடன் ஒரே தொகுதியாகவே செல்ல வேண்டும். நாளின் கடைசித் தொகுதியைத் தவறவிட்ட லாரி மறுநாள் காலை வரை அங்கேயே நிற்கும். அதன்பின் ஜாரவா மக்களின் காப்புக்காடு வழியே சுமார் 49 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது. இடையில் நிற்கவும் கூடாது. பின்னர் நடு நீரிணையில் எஞ்சினை நிறுத்திப் படகில் ஏறிப் பாராட்டாங் சேர வேண்டும். நெடுநேரம் நிற்பதும், சிறிது ஓடுவதும், மீண்டும் நிற்பதும் பாட்டரிக்கு ஆகாத பழக்கங்கள் என்பதை நினைவில் கொள்வோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கனரக லாரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையதானால், இரண்டும் சேர்ந்து 200 என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. தொடராக இணைக்கும்போது வோல்ட்தான் கூடும். ஆம்பியர்-மணி 100 ஆகவே நிற்கும்.

சாவடியில் ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். நம் தீவுகளில் டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணிக்கே கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆகவே விளக்குச் செலவு முன்னதாகவே தொடங்குகிறது. 12 மணி நேரத்திற்குச் சிறு விசிறி ஒரு ஆம்பியர், ஓர விளக்குகள் ஒரு ஆம்பியர், கைப்பேசி முதலியவற்றுக்கு அரை ஆம்பியர் என்று கொண்டாலும் 30 ஆம்பியர்-மணி போய்விடும். 70 வாட் முகவிளக்குகள் இரண்டையும் மறந்து எரிய விட்டால் மணிக்கு 6 ஆம்பியர் வீதம் மேலும் கரையும். பழைய பாட்டரியில் முழுக் கொள்ளளவும் இராது. காலையில் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரோ சில விநாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கேட்கும். எனவே பாதிச் சேமிப்பைத் தொடாமல் வைப்பதே நல்வழி. சற்று ஓய்வில் இருந்த பாட்டரிகளில் இரண்டும் சேர்ந்து 25.4 வோல்ட் காட்டினால் நிறைவு, 24.4 காட்டினால் ஏறத்தாழப் பாதி. 24-க்கு இறங்கினால் விசிறியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

இரவெல்லாம் எடுத்ததை ஒரு மணி நேர ஓட்டம் திருப்பித் தந்துவிடும் என்றும் நம்பலாகாது. பாட்டரி கொடுக்கும் வேகத்தில் வாங்குவதில்லை. நிறைவை நெருங்க நெருங்க இன்னும் மெதுவாகவே வாங்கும். குறைவாக ஏற்றிய நிலையிலேயே பல நாள் கிடந்தால், காரீயத் தகடுகளின் மேல் கந்தகப் படிவு இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது.

இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று நாள்தோறும் இளைக்கிறது. ஏற்றும்போதோ இரண்டிற்கும் ஒரே அளவு மின்னோட்டம்தான் செல்கிறது. இளைத்தது நிறைவதற்குள் மற்றது மிகுதியாகி, நீர் வற்றிக் கெடுகிறது. ஒன்றாகப் பூட்டிய இரு மாடுகளில் ஒன்றுக்கு மட்டும் தீனி போடுவதைப் போன்றதே இது. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் சிறு கருவியை வாங்கிப் பொருத்துவது, பாட்டரியின் விலையை நோக்க மிகச் சிறிய செலவே.

கடற்காற்று மற்றொரு பகை. உலோகத்தை உப்பு அரிக்கும் விதத்தைக் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. நம் வண்டிகளில் பாட்டரி முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவும் அரிப்பின் வேலையே. அது மின்சாரத்தின் வழியை அடைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் தடவ வேண்டும். சோடா நீர் பாட்டரிக்குள் புகுந்துவிடக் கூடாது. மூடி திறக்கும் பாட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாம். மின் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படுவதால் பீடியும் தீக்குச்சியும் அருகே வரலாகாது.

எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் பாட்டரி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பழைய எஞ்சின்களுக்கு அது ஓரளவு பொருந்தும். அவையும் ஏற்றத்தில் நின்றுபோனால் மறுபடி கிளம்பப் பாட்டரி வேண்டும். மின்னணுக் கருவிகளால் இயங்கும் புதிய எஞ்சின்களுக்கோ எந்நேரமும் நிலையான மின்சாரம் தேவை. காப்புக்காட்டின் நடுவே ஒரு லாரி நின்றுவிட்டால், காய்கறி வாடுவதும் பின்வரும் வண்டிகள் தடைப்படுவதும் மட்டும் அன்று. வெளியார் நிற்கலாகாது என்று சட்டம் காத்துவரும் பிறர் வீட்டு முற்றத்தில் நாம் அழையாமல் நிற்பவர்களாகிறோம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொல். சாவடிக்குப் புறப்படுமுன் வோல்ட் அளவை ஒருமுறை பார்த்து, முனைகளைத் தொட்டு இறுக்கம் அறிந்து, இரவுச் செலவை மனத்தில் கணக்கிட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாள்தோறும் ஒதுக்குவோமாக.