சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒருவர்

(வட்டார வள மையத்தில் நடந்த மொழி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கார்ட்டூன் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். பரவாயில்லை. என் மகள் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டிய ஆள்தான் நானும். அதட்டிவிட்டு நின்றபடியே பார்த்தேன். முடியும்வரை உட்காரவில்லை.

தொடரின் பெயர் 'ஹே அர்னால்டு'. கிரெய்க் பார்ட்லெட் உருவாக்கியது. நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 1996ஆம் ஆண்டு தொடங்கியது. நான்காம் வகுப்புச் சிறுவன் அர்னால்டு, தாத்தா பாட்டியுடன் வாழ்கிறான். அவர்கள் வீடு ஒரு விடுதி. பல ஊர்க்காரர்கள் அங்கே வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வியட்நாம்காரரான திரு. ஹுயின். கதையில் அவருக்குப் பெரிய வேலை கிடையாது. மற்றவர்கள் சத்தம் போட்டுச் சாப்பிடும்போது மேசையின் ஓரத்தில் இருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் 'அர்னால்டின் கிறிஸ்துமஸ்' என்ற பகுதி வந்தது. வழக்கமாக ஒரு பகுதியில் இரண்டு சிறு கதைகள் இருக்கும். இந்த முறை அரை மணி நேரம் முழுவதும் ஒரே கதை. விடுதியில் சீட்டுக் குலுக்கி, யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். அர்னால்டுக்கு வந்த சீட்டில் திரு. ஹுயின் பெயர். ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு என்ன பிடிக்கும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. பேச்சுக் கொடுக்கிறான். அவர் சொல்கிறார்: போரின்போது அவருக்கு மாய் என்று ஒரு கைக்குழந்தை. கிளம்பும் ஹெலிகாப்டரில் அவருக்கு இடமில்லை. குழந்தையை மட்டும் ஒரு படைவீரரிடம் நீட்டுகிறார். அந்த வீரர் குழந்தையைக் கொண்டுபோகும் நகரத்தின் பெயரைச் சொல்கிறார். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு, நாட்டைவிட்டு வெளியேற அவருக்கு 20 ஆண்டுகள் ஆகின்றன. வந்து தேடுகிறார், மகள் கிடைக்கவில்லை.

இது வெறும் கற்பனை இல்லை. சைகோன் நகரம் 1975 ஏப்ரல் 30 அன்று வீழ்ந்தது. அதற்கு முந்தைய சில மணி நேரங்களில் மட்டும் சுமார் 7,000 பேர் ஹெலிகாப்டர்களில் வெளியேற்றப்பட்டார்கள். ஏற முடியாமல் நின்றவர்கள் அதைவிடப் பலர். குழந்தைகள் பார்க்கும் படம் ஒன்று, 21 ஆண்டுகள் கழித்து, ஏற முடியாமல் நின்ற ஒருவரைக் காட்டுகிறது.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்னால்டும் அவன் நண்பன் ஜெரால்டும் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கிருக்கும் அலுவலர் பெய்லிக்குத் தலைக்கு மேல் வேலை. தன் பண்டிகைப் பொருள்களை எல்லாம் வாங்கி வந்தால் மாயைத் தேடித் தருவதாகச் சொல்கிறார். எல்லாம் கிடைக்கிறது, பட்டியலில் உள்ள பனிக்காலணி மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அதே காலணிதான் அர்னால்டின் வகுப்புத் தோழி ஹெல்காவுக்குப் பரிசாக வருகிறது. அவள் ஆசை ஆசையாய்க் கேட்டது. ஹெல்கா யார்? அர்னால்டைத் தினமும் வம்புக்கு இழுப்பவள், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுபவள். அவள் அந்தக் காலணியைக் கொண்டுபோய் பெய்லியிடம் கொடுத்து, அந்த இரவே தேடும்படி மன்றாடுகிறாள். காலையில் மாய் வாசலில் நிற்கிறாள். யார் செய்தது என்று அர்னால்டுக்குத் தெரியாது. ஹெல்கா வெளியே நின்று பார்க்கிறாள்.

இந்தக் கதையை எட்டாம் வகுப்பில் சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து ஒரு மாணவன் புதிதாகச் சேர்ந்தான். பேசமாட்டான். அந்தப் படம் மனதில் இருந்ததால் எனக்கு உற்சாகம். இவனுக்குள்ளும் ஒரு கதை இருக்கும், வெளியே கொண்டு வருவோம் என்று கிளம்பினேன். நாற்பது பேர் நடுவில் எழுப்பி, "உன் ஊர் எது? அம்மா என்னப்பா செய்றாங்க?" என்று கேட்டேன். "ஊர்ல இருக்காங்க" என்றான். விடவில்லை. "எந்த ஊர்ல?" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் டெஸ்க்கைப் பார்த்தான். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அர்னால்டு கதை கேட்கப் போகவில்லை. இவருக்கு என்ன கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் போனான். நான் கேட்டதில் அப்படி எதுவும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதனால் கேட்டேன்.

அவன் பாட்டி வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் அவனோடு நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு மாதம் வாழைக்கன்றைப் பற்றியும் குழாயைப் பற்றியும்தான் பேச்சு. ஒரு நாள் அவனாகவே சொன்னான். என்ன சொன்னான் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

வகுப்பில் கதையைச் சொன்னபோது, திரு. ஹுயினைவிட ஹெல்காவைப் பற்றித்தான் அதிகம் சண்டை. "அவ கெட்டவளா நல்லவளா சார்?" என்றான் ஒருவன். காலணி கொடுத்ததை அர்னால்டிடம் யாராவது சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒரு மாணவி மட்டும், "சொல்லிட்டா அவன் திருப்பிக் குடுக்கணும்ல சார்" என்றாள். வகுப்பிலேயே அதிகமாக அடிதடிக்குப் பெயர்போனவள் அவள். அவளுக்கு நான் வைத்திருந்த அடைமொழி அன்றோடு போயிற்று.

பிறகு ஓர் எழுத்துப் பயிற்சி. தினமும் பார்க்கிற, ஆனால் சரியாகத் தெரியாத ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை: கண்ணால் பார்த்ததையும் அவர் தாமாகச் சொன்னதையும் மட்டுமே எழுதலாம். எழுதியதை முதலில் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிட வேண்டும். மூன்று பேர் கிழித்தார்கள். அந்த மூவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஒரு மாணவன் எங்கள் சத்துணவு மையத்தின் சமையலர் அக்காவைப் பற்றி எழுதினான். அவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 வாங்கியவராம். ஒன்பது ஆண்டுகள் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். முட்டைக் கணக்கு ஒருநாளும் தவறாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

முயன்று பார்க்க விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். கதையை வாயால் சொல்ல 20 நிமிடம் போதும். படம் ஆங்கிலத்தில் இருக்கிறது, சொல்லிவிட்டுப் பிறகு காட்டினால் பிள்ளைகள் பின்தொடர்வார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஹெலிகாப்டர் காட்சியில் அதிக நேரம் நிற்க வேண்டாம். தாயையோ தந்தையையோ பிரிந்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். நிஜத்தில் காலையில் யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை ஒரு பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். என்னிடம் கேட்டார்கள். "பல பேருக்குக் கிடைக்கவில்லை" என்றுதான் சொன்னேன்.

திரு. ஹுயினுக்கு அதே தொடரில் பின்னர் இன்னொரு பகுதியும் வந்தது. அதில் அவர் பிரமாதமாகப் பாடுகிறார். அவருக்காகக் குரல் கொடுத்தவர் அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ராண்டி டிராவிஸ். எங்கள் வகுப்பில் அதைத்தான் இரண்டு முறை போடச் சொன்னார்கள்.

தேநீர் வந்துவிட்டது. கேள்விகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.