பூங்காவுக்குப் பெயர் சூட்ட வேண்டியவர் யார்?

(பேரூராட்சி, ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



நம் பேரூர்கள் பலவற்றில் கடைவீதியை அடுத்தோ பேருந்து நிலையத்தை அடுத்தோ ஊர் நடுவே பூங்காக்கள் அமைந்து வருகின்றன. சுற்றுச்சுவருக்கும் நடைபாதைக்கும் ஊஞ்சலுக்கும் மதிப்பீடு தயாரிக்கிறோம். மன்றத்தில் நெடுநேரம் விவாதிக்கிறோம். பெயருக்கு மட்டும் விவாதம் கிடையாது. திறப்பு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் தறுவாயில் யாரோ ஒருவர் சொல்லுகிறார். அது பலகையில் ஏறிவிடுகிறது. செலவில்லாத காரியம் ஆகையால் இது சிறிய காரியம் என்று நாம் எண்ணிவிடலாகாது.

நம் முன்னோர் இடங்களுக்குப் பெயரிட்ட முறையைச் சிறிது நோக்குவோம். ஆலங்குடி, புளியங்குடி, நாவலூர், பனையூர், மாங்காடு என்று, அங்கு நின்ற மரமே ஊரின் பெயராயிற்று. சென்னை மந்தைவெளியில் இன்று மாடு மேய இடமில்லை. ஆயினும் மந்தை மேய்ந்த வெளி அது என்பதைப் பெயர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை உண்டு. 1920களில் தியாகராய நகரை உருவாக்குவதற்காக அப்பகுதியிலிருந்த நீண்ட ஏரி தூர்க்கப்பட்டது. இன்று அச்சாலையில் நின்று பார்ப்பதற்கு ஏரி இல்லை. பெயர் ஒன்றே சாட்சி.

இனி, மேலிருந்து சூட்டிய பெயர்களின் கதியையும் பார்ப்போம். தியாகராய நகர் மக்கள் நாவில் ‘டி. நகர்’ ஆயிற்று. இராஜா அண்ணாமலைபுரம் ‘ஆர்.ஏ. புரம்’ ஆயிற்று. பெரியோரைப் போற்றுவதற்காக வைத்த பெயர் இரண்டொரு எழுத்தாகச் சுருங்கிவிட்டால், போற்றும் நோக்கம் எங்ஙனம் நிறைவேறும்? பெரியோர் பெயரே வேண்டா என்பதன்று நம் கருத்து. எப்பெயராயினும் மக்கள் அதைத் தமதென்று கருதி முழுதும் சொல்ல வேண்டும். அதற்கு வழி, அவர்களையே கேட்பதுதான்.

கேட்பதற்குக் களம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ்க் கிராம சபைகள் உள்ளன. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 ஆம் நாள் முதன்முறையாகக் கூடின. ஆனால் கேட்பதிலும் ஒரு முறைமை வேண்டும். இதற்கு இரண்டு அயல்நாட்டுச் செய்திகளைக் கூறுவோம்.

2016 இல் பிரிட்டனில் புதிய ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றுக்குப் பெயர் சொல்லுமாறு பொதுமக்களை அழைத்தனர். வேடிக்கைக்காக ஒருவர் சொன்ன விளையாட்டுப் பெயருக்கே மிகுதியான வாக்குகள் விழுந்தன. அதிகாரிகள் அதைக் கப்பலுக்கு ஏற்காமல், இயற்கை அறிஞர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டினர். கப்பலில் செல்லும் சிறு நீர்மூழ்கிக் கருவி ஒன்றுக்கு அந்த வேடிக்கைப் பெயரை அளித்தனர். ஆஸ்திரேலியாவின் புதிய தலைநகருக்கும் மக்கள் நூற்றுக்கணக்கான பெயர்களை எழுதியனுப்பினர். பல நகரங்களின் பெயர்த் துண்டுகளை ஒட்டிச் செய்த பெயர்கூட அவற்றுள் இருந்தது. இறுதியில் 1913 மார்ச் 12 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட பெயர் கான்பெரா. அவ்வட்டாரத்தில் முன்பே வழங்கி வந்த பெயர் அது. கேட்குமுன் விதியைச் சொல்லிவிட வேண்டும் என்பதை முதற்செய்தியும், புதுப்பெயர் தேடுமுன் அந்நிலத்தின் வழக்குப் பெயரை விசாரிக்க வேண்டும் என்பதை இரண்டாம் செய்தியும் உணர்த்துகின்றன.

ஆகவே நாம் செய்யத்தக்கவை இவை. முதலாவதாக, பூங்கா அமையும் நிலத்துக்கு என்ன பெயர் வழங்கியது என்று முதியோரைக் கேட்டும் வருவாய்க் கணக்குகளைப் பார்த்தும் அறிதல் வேண்டும். இரண்டாவதாக, சபைக்கு வாராதவரிடம் நாமே செல்ல வேண்டும். சபைக்கு வந்து பேசுவோர் சிலரே. பூங்காவை நாடப்போகிறவர்களோ பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. பள்ளியிலும் நியாயவிலைக் கடையிலும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் பெட்டி வைக்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் ஆளையும் அமர்த்தலாம். மூன்றாவதாக, வந்த பெயர்கள் அனைத்தையும் சபையில் படித்து, எது ஏன் ஏற்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்று விளக்கித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். முடிவை முன்னரே செய்துவிட்டு மக்களைக் கேட்பது, கேளாதிருப்பதினும் தீது.

இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பழம்பெயர் என்பதாலேயே ஒரு பெயர் நல்லதாகிவிடாது. ஊர்ப் பொதுக் கிணறும் குளக்கரையும் எல்லார்க்கும் பொதுவாய் இராத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துப் பெயர்கள் சிலவற்றில் அந்த இழிவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருக்கள், நீர்நிலைகள் முதலியவற்றின் பெயர்களிலுள்ள சாதிக் குறிப்பை நீக்குவதற்கென 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நெறிமுறைகள் வெளியிட்டதும் இதனாலேயே. புதிய பூங்காவில் அக்குறிப்பு புகவே கூடாது. முதியோரை விசாரிக்கும்போது ஒரு தெருவின் முதியோரை மட்டும் விசாரித்தல் போதாது. ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் செல்ல வேண்டும். ஒருவருக்கு இனிய நினைவாயுள்ள பெயர், வேறொருவருக்குத் தம் பாட்டனார் விலக்கி நிறுத்தப்பட்ட நினைவாயிருக்கலாம். அப்பெயரைத் தாங்கிய வாயிலுள் அவர் எவ்வாறு மனமகிழ்ந்து நுழைவார்? மிகுதியான கைகள் உயர்ந்தன என்பதற்காக, சிறு தொகையினரைப் புண்படுத்தும் பெயரை ஏற்றல் ஜனநாயகமாகாது.

பெயர்ப் பலகை நடுவது ஒருநாள் வேலை. வேலி காப்பதும் செடிக்கு நீர் விடுவதும் நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. அப்பணியைப் பேரூராட்சி ஊழியர் இருவர் தலையில் மட்டும் சுமத்தினால் பூங்கா நிலைக்காது. ஊராரும் தோள் கொடுக்க வேண்டும். பெயரிடக் கேட்கப்பட்ட சிறுமி, பூவைப் பறிக்கும் கையைத் தானே தடுப்பாள். அவளைக் கேட்பதற்கு நமக்கு ஆகும் செலவு ஒரு துண்டுத் தாளே. அதைக் கொடுக்கத் தயங்கவேண்டா என்று உங்கள் அனைவரையும் வேண்டி அமைகிறோம்.