ஓர் ஆங்கிலச் சொல்லும் இரண்டு தொன்மொழிகளும்



எவருடைய நினைவைப் போற்றும் பொருட்டு இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அப்பெரியவர், திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் தொடங்கி வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர் எனப் பரந்து கிடக்கும் இச்சமவெளியின் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தவராதலின், ஓர் ஆங்கிலச் சொல்லையே இச்சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொள்வது அவருக்கு உகந்ததாகும் என்று கருதினேன். அச்சொல் 'டிலைட்' என்பது. மகிழ்ச்சியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஹேப்பி', 'பிளெஷர்', 'ஜாய்' எனப் பல சொற்கள் இருப்பினும், மகிழ்ச்சி மிக்குப் பொங்கி முகத்திலும் சொல்லிலும் தோன்றும் நிலையைச் சுட்டுவதற்கு அம்மொழியார் விரும்பி எடுப்பது இச்சொல்லையே.

இதனைச் சீன மொழி பேசும் மாணாக்கர்க்கு எவ்வாறு விளக்குவது என்னும் வினாவிலிருந்து தொடங்க எண்ணுகிறேன். திண்டுக்கல்லில் நின்றுகொண்டு சீனரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கலாம். தமிழும் சீனமும் மலாயும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகளாக விளங்கும் சிங்கப்பூரில், தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ஆங்கிலம் கற்கிறார்கள். இருவருக்கும் வீட்டில் தொன்மையான ஒரு மொழி இருக்கிறது. இருவரும் ஆங்கிலத்திலே பிழை செய்கிறார்கள். அப்பிழைகள் பெரும்பாலும் ஒரு தாய் வயிற்றுப் பிழைகள். நம் பிள்ளையின் பிழையை மட்டும் பார்க்கிற ஆசிரியர்க்கு அது கவனக்குறைவாகவே தோன்றும். வேற்று மொழிப் பிள்ளையும் அதே இடத்தில் இடறுவதைக் காணும்போதுதான் இடறும் கல் எங்கே இருக்கிறது என்பது புலனாகிறது.

ஆங்கிலம் இத்திண்டுக்கல் நகருக்குப் புதிய விருந்தாளி அன்று. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டபோது, திப்பு சுல்தானின் ஆளுகையிலிருந்த திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வசமாயிற்று. 1835இல் அமெரிக்க மதுரை மிஷன் இங்கே தன் நிலையத்தை அமைத்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே, இந்நகரிலிருந்து சிறிது தொலைவில் சின்னாளபட்டியை அடுத்து, ஜி. ராமச்சந்திரனும் டி. எஸ். சௌந்தரமும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். தாய்மொழியை அடித்தளமாகக் கொண்டே கல்வி எழும்ப வேண்டும் என்னும் மகாத்மாவின் ஆதாரக் கல்விக் கொள்கையில் அவர்கள் ஊறியவர்கள். அக்கொள்கை அயல்மொழிப் பாடத்திற்கும் பொருந்தும் என்பதே நான் இன்று வற்புறுத்த விரும்புவது. தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் கற்பிக்க முயல்கிறவர்கள், பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள இலக்கண அறிவு முழுவதையும் வாயிலிலே இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பயிற்சி ஏட்டை எண்ணிப் பாருங்கள். மாமாவுக்குக் கடிதம் எழுதும் பயிற்சி அது. கோடிட்ட தாளில், எழுத்துகள் கோட்டை விட்டு இம்மியும் விலகாமல், நீல மையில் அவள் எழுதியிருக்கிறாள்: 'ஐ ஆம் வெரி டிலைட்ஃபுல் டு ஸீ யுவர் லெட்டர்.' ஆசிரியரின் சிவப்பு மை 'டிலைட்ஃபுல்' என்பதைச் சுழித்து, மேலே 'டிலைட்டட்' என்று எழுதி, ஓரத்தில் அரை மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறது. எதனால் குறைந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த பக்கத்தில் சிறுமலைக்குச் சென்ற உலாவை வருணிக்கையில், 'தி ட்ரிப் வாஸ் டிலைட்டட்' என்று எழுதியிருக்கிறாள். முதற் பக்கத்துத் திருத்தத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டதன் பயன் அது. அங்கும் சிவப்பு மை.

சீன மாணவனும் இவ்விரு வாக்கியங்களையும் இப்படியே எழுதுவான். அவன் மொழியில் 'காவ்ஷிங்' என்றொரு சொல் உண்டு. மகிழ்வாயிருத்தல் என்பது பொருள். இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்பச் சீனச் சொற்கள் உருமாறுவதில்லை, விகுதி பெறுவதில்லை. ஆதலின், மகிழ்கின்ற மனிதனுக்கும் மகிழ்ச்சி தரும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு சொல்லின் ஈற்றிலே காட்ட வேண்டும் என்னும் எண்ணமே அவனுக்குப் புதிது. சீனத்தில் அவ்வேற்றுமையைக் காட்டுவதற்கு வேறு வழி இருக்கிறது. 'ஷி' அல்லது 'லிங்' என்னும் சொல்லை முன்னே நிறுத்தி, 'இச்செய்தி என்னை மகிழச் செய்கிறது' என்னும் பொருள்பட வாக்கியத்தை அமைப்பார்கள். அறிவுடைய ஆசிரியர் அவ்விரு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, 'நீ இவற்றை இட்டுச் சொல்லக்கூடிய இடத்தில் டிலைட்ஃபுல். இடாமல் உன்னைப் பற்றியே சொல்லும் இடத்தில் டிலைட்டட்' என்று காட்டினால், மாணவனின் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடுகிறது.

நம் மாணவிக்கு இதனினும் எளிய வழி உண்டு. தன்வினை, பிறவினை என்று ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ தமிழாசிரியர் அவளுக்குச் சொல்லித் தந்திருப்பார். மகிழ்ந்தாள், மகிழ்வித்தாள், திருந்தினான், திருத்தினான், உண்டாள், உண்பித்தாள். மகிழ்ந்தவர் 'டிலைட்டட்', மகிழ்விப்பது 'டிலைட்ஃபுல்' என்று ஆங்கில ஆசிரியர் ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். மாமாவின் கடிதத்தைக் கண்டு மகிழ்ந்தவள் தான் என்பதும், மகிழ்வித்தது சிறுமலை உலா என்பதும் அவளுக்குத் தாமாகவே தெளிந்திருக்கும். நம் பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் ஆண்டுக்கணக்கில் அருகருகே அமர்ந்திருந்தும், ஒருவர் நடத்தும் இலக்கணப் பகுதியை மற்றவர் அறியாமலே போவது எனக்குத் தீராத மனக்குறை.

அம்மாணவியின் வாக்கியத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது; 'வெரி'. சீனத்தில் 'ஹென்' என்றொரு சொல் உண்டு. 'மிக' என்று அகராதி பொருள் சொல்லும். ஆனால் பண்புணர்த்தும் சொல்லை எழுவாயோடு இணைப்பதற்கே அது பெரும்பாலும் அங்கே வந்து நிற்கிறது. மிகுதிப் பொருள் அதில் தேய்ந்துபோயிற்று. 'நான் ஹென் காவ்ஷிங்' என்று சீனர் சொன்னால், தாம் மகிழ்வாயிருப்பதாகச் சொல்கிறார் என்பதற்கு மேல் நாம் மிகுதியாகக் கொள்ள வேண்டியதில்லை. திண்டுக்கல் வீதிகளில் ஒருவரையொருவர் கண்டதும், 'வாங்கண்ணே, ரொம்ப சந்தோஷம்' என்கிறார்களே, அந்த 'ரொம்ப'வும் ஏறக்குறைய அத்தகையதே. அதனை நீக்கிவிட்டால் உபசாரத்திலே ஏதோ குறைந்தாற்போல் தோன்றும். ஆங்கிலத்திலோ 'டிலைட்டட்' என்பது உச்சத்தைத் தன்னுள்ளேயே அடக்கிய சொல். 'வெரி' அதற்கு ஒட்டாது, கூட்ட வேண்டுமாயின் 'அப்ஸல்யூட்லி' என்பார்கள். இதனைப் பிழை என்று கடிந்து சொல்வதை விட, 'உன் மொழியின் பணிவு இது. அவர்கள் மொழியில் இவ்விடத்தில் அது வேண்டப்படுவதில்லை' என்று சொல்வதே முறை.

சொல்லின் பின்னே வரும் உருபுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். செய்தியைக் கேட்டு மகிழ்ந்தால் 'அட்', கிடைத்த பொருளைக் கண்டு மகிழ்ந்தால் 'வித்', ஒருவரைச் சந்திப்பதில் மகிழ்ந்தால் 'டு'. இவை மூன்றும் ஒரு நேரத்து மகிழ்ச்சிகள். 'டிலைட் இன்' என்பது வேறு. அது ஒருவரின் இயல்பு. தோட்டம் போடுவதிலே உவகை கொள்பவர், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வதிலே உவகை கொள்பவர் ஆகியோர்க்கு அது வரும். பிறர் துன்பத்திலே களிப்பவர்க்கும் அதுவே வரும். தமிழில் 'கண்டு மகிழ்ந்தான்' என்பதற்கும் 'அதில் மகிழ்பவன்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்த பிள்ளைக்கு இது கடினமன்று.

மற்றொரு வேற்றுமை இன்னும் நுட்பமானது. 'எனக்குச் சந்தோஷம்' என்று நாம் சொல்லுகையில் நாம் எழுவாயாக நிற்பதில்லை. பசி, தூக்கம், கோபம் முதலியவற்றைப் போலவே சந்தோஷமும் நமக்கு வருவது; நான்காம் வேற்றுமை ஏற்று, வருவதைப் பெற்றுக்கொள்பவர்களாக நாம் ஒதுங்கி நிற்கிறோம். ஆங்கிலத்தில் மனிதனே எழுவாயாக முன்வந்து நிற்கிறான். ஆயினும் 'டிலைட்டட்' என்பதன் உருவத்தை ஊன்றி நோக்கினால், அது செயப்பாட்டு வினையின் சாயலுடையது என்பதும், மகிழ்விக்கப்பட்டவன் என்பதே அதன் உட்பொருள் என்பதும் விளங்கும். ஆகவே அங்கும் மகிழ்ச்சி புறத்தேயிருந்து வருவதாகவே எண்ணியிருக்கிறார்கள். இவ்வொற்றுமையைக் கண்டபோது நான் அடைந்த நிறைவு பெரிது.

'டிலைட்' என்பதன் எழுத்துக் கூட்டலைப் பார்த்து, அதில் ஒளியைக் குறிக்கும் 'லைட்' அடங்கியிருப்பதாகச் சிலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அழகிய கற்பனைதான், ஆனால் உண்மையன்று. அச்சொல் இலத்தீனில் 'டெலெக்தாரே' எனப் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் 'லைட்' என்பதன் எழுத்துக் கூட்டலை ஒட்டி, ஒலிக்காத இரண்டு எழுத்துகளை அதனுள் செருகிவிட்டார்கள். அவ்வெழுத்துகளை மறந்துவிட்டு மதிப்பெண் இழக்கும் நம் பிள்ளைகள், தம்மை அறியாமல் அச்சொல்லின் பழைய வடிவத்துக்கே திரும்பிச் செல்கிறார்கள்.

இலத்தீனைக் குறிப்பிட்ட இவ்விடத்தில் வீரமாமுனிவரை நினையாமல் செல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்நகரில் இயேசு சபையார் நடத்தும் பெஸ்கி இல்லம் அவரது இயற்பெயரைத் தாங்கியே நிற்கிறது. 1680இல் இத்தாலியிலே பிறந்து, தமிழகம் புகுந்து, தேம்பாவணி பாடும் அளவுக்குத் தமிழிலே தோய்ந்த அவர், தமக்குப் பின் வரும் ஐரோப்பியத் துறவிகள் தமிழ் கற்பதற்கென 1728இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை எழுதியபோது, அதனை இலத்தீனிலேயே எழுதினார். கற்கப்போகிறவர்களின் அறிவு மொழி இலத்தீன். அவர்கள் நன்கறிந்த இலக்கணத்தின் வாயிலாகவே அறியாத இலக்கணத்தைப் புலப்படுத்தலாம் என்பது அவர் கண்ட வழி. தமிழருக்கு அவர் 1732இல் அளித்த சதுரகராதியோ முழுவதும் தமிழிலேயே அமைந்து, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாகச் சொற்களை வகுத்துக் காட்டுகிறது. கற்பவர் யார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதன் பின்னரே கற்பிக்கும் மொழியைத் தேர்ந்த இந்த விவேகம், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் மண்ணில் இருந்தது.

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியார்க்கு எவ்வாறு தருவது என்று ஆராய்வதில் சீனரோ நமக்கு மூத்தவர்கள். பௌத்த நூல்களை வடமொழியிலிருந்து பெயர்த்த அந்நாட்டு அறிஞர்கள், புத்தர்பிரானின் அணுக்கச் சீடரான ஆனந்தரின் பெயரை இரண்டு விதமாகக் கொண்டார்கள். ஒலியைக் கொண்டு 'ஆனான்' என்று எழுதினார்கள். பொருளைக் கொண்டு, பெருமகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஹுவான்ஷி' என்றும் பெயர்த்தார்கள். எந்தச் சொல்லை ஒலியோடு எடுத்துக்கொள்வது, எதனைப் பொருளால் பெயர்ப்பது என்பதற்கு ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் விதிகளே வகுத்தார் என்பர். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் அதனைப் பெயர்க்காமல் ஒலியாகவே கொள்க என்பது அவற்றுள் ஒன்று. ஆனந்தரின் பெயரிலுள்ள அச்சொல் நம் ஊர்க் கடைப் பலகையிலும் இருந்தது: 1957இல் நாகசாமி நாயுடு இந்நகரில் பிரியாணிக் கடை தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் 'ஆனந்த விலாஸ்'. அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பின்னர்க் கடையின் பெயராகிவிட்டபடியால், இக்காலத்து இளைஞர் பலருக்கு அப்பழைய பெயர் தெரியாது. சீரகச் சம்பாவின் மணத்திற்கு மேலே பலகையில் எழுதியிருந்த அதே ஆனந்தம், சீன மடாலயங்களில் ஓதப்படும் ஏடுகளிலும் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால், சீன மொழியும் அவர்களுக்கு அயலாகத் தோன்றாது.

மகிழ்ச்சியை வகைப்படுத்துவதிலும் இவ்விரு தொன்மொழியாரும் பெரிதும் முயன்றிருக்கிறார்கள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுங்கால், உவகையை இறுதியில் வைத்து, அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கின் நிலைக்களத்தே பிறக்கும் என்கிறார். கன்பூசியரின் உரையாடல்களைத் தொகுத்த லுன்யூ என்னும் நூல், கற்றதை உரிய காலத்தில் பயில்வதில் உள்ள மகிழ்ச்சியையும், தொலைவிலிருந்து நண்பர் வருவதில் உள்ள மகிழ்ச்சியையும் சொல்லியே தொடங்குகிறது. முன்னதற்கு 'யுவே' என்றும் பின்னதற்கு 'லே' என்றும் வெவ்வேறு சொற்கள். 'யுவே' உள்ளத்தில் நிற்பது, 'லே' வெளியே பரவித் தோன்றுவது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ ஷி இயற்றிய உரையில் விளக்கம் காணப்படுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றது, உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் பிறர்க்குப் புலப்படுதலையாதலின், நம் உவகை அவர்களின் 'லே'க்கு அணுக்கமாய் நிற்கிறது. ஆங்கிலத்து 'டிலைட்'டும் அவ்வாறே. இவ்வளவு நுண்ணிய பாகுபாடுகளைக் கையிலே வைத்திருக்கும் ஒரு மொழியின் பிள்ளைக்கு, 'டிலைட் என்றால் மகிழ்ச்சி' என்று ஒற்றை வரி எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவது எவ்வளவு வறுமை!

இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். திண்டுக்கல் வட்டாரத்துப் பள்ளிகளின் தமிழாசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்து, மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம் ஆகியவற்றை உணர்த்தும் ஆங்கிலச் சொற்களுக்கென ஒரு சிறு கையேட்டை எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் போதும். மேலே ஆங்கில வாக்கியம். அதன் கீழே அதே கருத்தை நம் ஊரார் சொல்லும் வாக்கியம், 'குஷி' என்றும் 'சந்தோஷம்' என்றும் அவர்கள் சொல்கிறபடியே. அதன் கீழே பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழையும், தமிழ் இலக்கணத்தின் எந்த விதியைக் கொண்டு அதனைத் தீர்க்கலாம் என்பதும். முதற் பதிப்பின் அச்சுச் செலவை அறக்கட்டளை ஏற்குமாயின், கைப்படியை வரிவரியாகப் படித்துத் திருத்தித் தரும் பணியை நான் மனமுவந்து ஏற்கிறேன். 'டிலைட்' என்னும் சொல்லுக்குரிய பக்கத்தின் வரைவு என் பையிலேயே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் அதனைப் பார்த்துக் குறைகளை அன்புகூர்ந்து எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.