பள்ளி டூரா, நாமே கூட்டிப் போவதா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் பையில் இப்போது புது வகைச் சர்க்குலர் ஒன்று வருகிறது. 'சிங்கப்பூர் - மலேசியா கல்விச் சுற்றுலா, ஐந்து இரவு ஆறு பகல், முன்பணம் இன்ன தேதிக்குள்' என்று இருக்கும். அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். இதில் சேர்ப்பதா, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டுக் குடும்பமாகவே போய்வருவதா? காலேஜ் படிக்கிற பையனோ பெண்ணோ, "நாங்க நாலு பேர் சேர்ந்து நாங்களே போறோம்" என்றால் என்ன சொல்வது? இதைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். வங்கியில் இருந்தவன் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

குழு டூருக்குப் பணம் கட்டும்போது நீங்கள் எதை வாங்குகிறீர்கள்? டிக்கெட், ஓட்டல், சாப்பாடு என்பீர்கள். அவை எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே நீங்களும் வாங்கிவிடலாம். டூரில் மட்டும் கிடைப்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளைக்கு அங்கே இன்னொருவர் பொறுப்பு. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால், கூட்டத்தில் வழி தவறினால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆள் யார் என்று எழுத்தில் இருந்தால் கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு. இல்லையென்றால் டூரில் போனாலும் பிள்ளை தனியாகப் போனதுபோலத்தான்.

2014 ஜூன் 8 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் இமாசலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போனார்கள். பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்களும், உடன் போன சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இழப்பீட்டில் மின்வாரியத்தோடு கல்லூரியும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அழைத்துப் போகிறவருக்குப் பொறுப்பு உண்டு என்பது சட்டத்திலும் நிற்கிறது. ஆனால் தீர்ப்பால் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. மேட்டூர் அணைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு, திறந்துவிட்ட தண்ணீரின் வேகத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே கேள்விகளைப் போவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை இவை. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர்? பெண் பிள்ளைகளுடன் ஆசிரியை வருகிறாரா? பள்ளி நேரடியாக நடத்துகிறதா, டிராவல்ஸ்காரரிடம் விட்டிருக்கிறதா? ரசீது யார் பெயரில்? பயணக் காப்பீட்டின் பாலிசி எண் என்ன, மருத்துவச் செலவுக்கு எவ்வளவு வரை? பாஸ்போர்ட் அங்கே யார் கையில் இருக்கும்? நீச்சல் குளம், கடல், படகு என்று தண்ணீர் சம்பந்தப்பட்டது எதுவும் உண்டா? நம் பிள்ளை வர முடியாமல் போனால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இவ்வளவுக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதித் தருகிற பள்ளி என்றால் தைரியமாகச் சேர்க்கலாம். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்" என்று வாயால் மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

அரசுப் பள்ளிகளில் போட்டிகளில் வென்ற மாணவர்களை நம் பள்ளிக் கல்வித் துறை வெளிநாடு அழைத்துப் போகிறது. 2022 நவம்பரில் துபாய், ஷார்ஜா போனார்கள். அங்கே செலவும் பொறுப்பும் துறையுடையவை. பெற்றோருக்குக் குழப்பம் இல்லை. நாம் பணம் கட்டி அனுப்பும் டூரிலும் பொறுப்பு அதே அளவு தெளிவாக இருக்க வேண்டும்.

இனி பணக் கணக்கு. உதாரணத்துக்குச் சர்க்குலரில் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்தால் 1,05,000. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வருமான வரிக்காக ஒரு பிடித்தமும் உண்டு. 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்ததை 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். அது 2,100. ஆகக் கையிலிருந்து போவது 1,07,100. இதில் அந்த 2,100 செலவில் சேராது. உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்க வேண்டும். பள்ளி மொத்தமாக வசூலித்துக் கட்டும்போது யார் பான் எண்ணைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, விமான நிலையம் போய்வரும் பஸ், மதியச் சாப்பாடு, விசா கட்டணம் இவை தொகைக்குள் அடக்கமா என்றும் கேளுங்கள். உடன் வரும் ஆசிரியர்களின் செலவும் பெரும்பாலும் பிள்ளைகள் கட்டும் தொகைக்குள்தான் இருக்கும். அது தவறில்லை, தெரிந்து கட்டினால் போதும்.

நாமே போவதானால்? டிக்கெட், ஓட்டல் தனித்தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் கிடையாது. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. அந்தச் சலுகை 2026 கடைசி வரை உண்டு. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அவர்கள் இணையதளத்தில் வருகைப் படிவத்தை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். நம் சேலம் விமான நிலையம் கமலாபுரத்தில் பக்கத்தில் இருந்தாலும் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர் போகத் திருச்சி நமக்கு வசதி. நாமக்கல் வழியாகச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அந்தக் கார் வாடகையையும் கணக்கில் எழுதுங்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே கட்டணம் 1,000 ரூபாய். ஐந்து வருடமோ 18 வயது முடியும் வரையோ, எது முன்னே வருகிறதோ அதுவரை செல்லும். தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். சேலத்திலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கேட்கின்றன.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? ரொக்கமாகக் கொஞ்சம், மீதி ஃபாரெக்ஸ் கார்டில். சாதாரண டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே போய் முழிக்க வேண்டியதுதான். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலைதான், பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

முன்பணத்தில் இரண்டு வழியிலும் ஆபத்து உண்டு. 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனில் தாமஸ் குக் நிறுவனம் திவாலானது. விடுமுறையில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு விமானத் துறை தனி விமானங்கள் விட்டுத் திருப்பி அழைத்து வந்தது. (அதே பெயரில் இந்தியாவில் இருப்பது வேறு நிறுவனம், அதற்கு இதில் தொடர்பில்லை.) இங்கே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றபோது, தாமே டிக்கெட் வாங்கியவர்கள் பணம் மாட்டிக்கொண்டது. ஆகவே முழுத் தொகையையும் ஒரே தடவை கட்டாதீர்கள். தவணையாகக் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு எழுப்பவாவது வழி உண்டு.

பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டும். கோலாலம்பூர் பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். டூர் பஸ்ஸில் போனால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். உயரமான முருகன் சிலையைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் நம் ஏத்தாப்பூர் முத்துமலையே போதும். பத்துமலைச் சிலை 140 அடி, நம்முடையது 146 அடி! நாமே போனால் கேஎல் சென்ட்ரலில் டிக்கெட் எடுத்து, எந்த நடைமேடை என்று பிள்ளையையே கேட்கவைத்து, மின்சார ரயிலில் போகலாம். 272 படி ஏறி, ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளோடு அங்கே தமிழில் பேசலாம். ஏ.கே. செட்டியார் 1930களின் கடைசியில் காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காக நாடு நாடாகத் தனியே அலைந்து படச்சுருள் சேகரித்தார். அந்தத் துணிவு ஒரே நாளில் வருவதில்லை, ஒரு ரயில் டிக்கெட்டை விசாரித்து வாங்குவதில் ஆரம்பிக்கிறது. டூருக்கும் ஒரு நன்மை உண்டு. அப்பா அம்மா இல்லாமல், ஒரே அறையில் மூன்று பேரோடு, தன் துணியைத் தானே மடித்து ஐந்து நாள் இருப்பது பெரிய படிப்பு.

என் யோசனை இதுதான். எட்டாம் வகுப்புக்குக் கீழே என்றால் குடும்பத்தோடு போங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், அந்த ஒரு பக்கப் பதில் கிடைத்தால் பள்ளி டூர் நல்லது. 18 முடிந்த காலேஜ் பிள்ளைகளைத் திட்டம், பட்ஜெட், காப்பீடு மூன்றையும் எழுதிக் காட்டச் சொல்லி நண்பர்களோடு அனுப்பலாம். அப்படி எழுதிக் காட்டத் தெரிந்த பிள்ளை போய்வரவும் தெரிந்த பிள்ளை.

எந்த வழியானாலும் கடன் வாங்கிப் போகாதீர்கள். ஆறு நாள் டூருக்காக அடகு வைத்த நகைக்கு வருடம் முழுக்க வட்டி கட்டுவது நியாயமில்லை. "எல்லாரும் போறாங்க" என்று பிள்ளை அழும். வகுப்பில் பாதிப் பேராவது போகாமல்தான் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். நம் வீட்டு வரவு செலவைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லி, "இரண்டு வருஷம் சேர்த்துப் போகலாம்" என்று வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி ஒன்றை அதன் கண் முன்னாலேயே தொடங்குங்கள். போய்வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குடியிருப்புக் குழுவில் படம் போடும்போது, போகாத பிள்ளையும் அதைப் பார்க்கும் என்று நினைவில் வையுங்கள்.

சர்க்குலர் வந்தவர்கள் ஞாயிறு காலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்து, கேட்க வேண்டியதைக் குறித்துக்கொண்டு, நாலு பெற்றோராகப் போய்ப் பள்ளியில் கேட்போம். ஒருவராகக் கேட்டால் வாயால் பதில் வரும், நாலு பேராகக் கேட்டால் எழுத்தில் வரும்.