ஏரிக்கரையின் இளவேனில்

வானொலியிற் படிக்கப்படும் அறிவித்தல்களுள், கேட்போர் செவியிற் புகுந்தும் கருத்திற் புகாது போவது வானிலை அறிவித்தலே எனலாம். காற்று எத்திசையினின்று வீசும், அலை எவ்வளவு எழும், மூடுபனி உண்டா இல்லையா என்று நான்கு வரிகளில் அது முடிந்துவிடும். ஆயினும் அந்த நான்கு வரிகளை நம்பியே ஒருவன் வள்ளத்தை அவிழ்க்கிறான். மற்றொருவன் அவிழ்த்ததை மீண்டும் கட்டிவிடுகிறான். அச்சொற்களின் பின்னால் இயற்கையின் எத்தகைய செயல்கள் மறைந்து நிற்கின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு, வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தனுள் ஒன்றாகிய மிச்சிகன் ஏரி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

ஏரி என்றதும் மனத்தில் எழுவது குளத்தின் உருவமே. மிச்சிகன் ஏரியோ வடக்குத் தெற்காக ஏறக்குறைய 490 கிலோமீற்றர் நீளமும், அகன்ற இடத்தில் 190 கிலோமீற்றர் அகலமும் உடையது. அதன் மிகக் கூடிய ஆழம் 281 மீற்றர். பரப்பளவு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவினும் சற்றே சிறியது. கரையில் நிற்பவன் கண்ணுக்கு மறுகரை தோன்றாது. தென்மேற்குக் கரையிற் சிக்காகோ மாநகரும், அதற்கு வடக்கே மில்வாக்கி நகரும் அமைந்துள்ளன. நீர் உப்பன்று, ஆனால் புயலிலும் அலையிலும் அது கடலே. ஆதலின், அதற்குரிய அறிவித்தலும் கடலோடிகளின் மொழியிலேயே அமைகின்றது. காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என, நொட் என்னும் அளவிற் கூறப்படுகின்றது.

இவ்வறிவித்தல் பிறந்த வரலாறு துயரம் நிறைந்தது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், பேரேரிகளிற் பாய்க்கப்பல்களும் நீராவிக் கப்பல்களும் ஆண்டுதோறும் பெருந்தொகையாக அழிந்தன. மில்வாக்கியில் வாழ்ந்த இன்கிரீஸ் லபாம் என்னும் இயற்கையியல் அறிஞர், புயல்கள் மேற்கினின்று கிழக்கு நோக்கி நகர்தலை உணர்ந்து, மேற்கில் உள்ளோர் தந்தி மூலம் செய்தி அனுப்பின் கிழக்கில் உள்ளோர் தப்பலாமே என வாதித்தார். 1869ஆம் ஆண்டில் அவர் கப்பற் சேதங்களின் விவரங்களைத் திரட்டி, தம் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினராகிய ஹல்பேட் பெயினிடம் சமர்ப்பித்தார். அதன் பயனாக எழுந்த தீர்மானத்தில் 1870 பெப்ரவரி 9ஆம் நாள் சனாதிபதி கிராண்ட் கையொப்பமிட்டார். அவ்வாண்டு நவம்பர் முதலாம் நாள் 24 நிலையங்களில் ஒரே வேளையில் வானிலை நோக்கப்பட்டுத் தந்தியில் அனுப்பப்பட்டது. ஒரு வாரத்தின் பின், நவம்பர் 8ஆம் நாள், சிக்காகோவிலிருந்து லபாம் அவர்களே பேரேரிகளுக்கான முதலாவது புயல் எச்சரிக்கையை விடுத்தார். ஐக்கிய அமெரிக்காவின் இன்றைய தேசிய வானிலைச் சேவைக்கு வித்திட்டது இம்முயற்சியே.

புயல் என்றால் நவம்பர் மாதமே மாலுமிகளின் நினைவிற்கு வரும். 1913ஆம் ஆண்டு நவம்பரிற் பேரேரிகளில் எழுந்த பெரும்புயல் 250 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆனால் நவம்பரின் கொடுமை முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கருமுகிலும் இரைச்சலும் கண்டவன் கரையிலேயே நின்றுவிடுவான். இளவேனிலின் கொடுமையோ புன்னகையோடு வருவது. அதனாலேயே அக்காலத்து அறிவித்தலை ஆக்குவோனுக்குப் பொறுப்பு மிகுதி.

இதன் காரணம் நீரின் இயல்பிலே தங்கியிருக்கின்றது. நன்னீர் 4 பாகை சதமவளவையில் மிகக் கூடிய அடர்த்தியை அடைகின்றது. மாரி முடிவில் ஏரியின் மேற்பரப்பு அதனினும் குளிர்ந்து கிடக்கும். ஏப்பிரல் ஞாயிறு அதனைச் சூடாக்கத் தொடங்கியதும், சூடேறிய நீர் மேலே தங்காமற் பாரங்கூடிக் கீழே இறங்குகின்றது. கீழிருந்த குளிர்நீர் மேலே வருகின்றது. ஏரி முழுவதும் 4 பாகையை எட்டும் வரை இச்சுழற்சி ஓயாது. ஞாயிறு கொடுக்கும் வெப்பமெல்லாம் இவ்வாறு ஆழத்திற் சென்று அடங்குதலால், நிலத்தில் மரங்கள் தளிர்க்கும் காலத்திலும் ஏரியின் நடுப்பகுதி மாரியிலேயே நிற்கின்றது.

ஒரு பக்கத்திற் சூடான நிலம். மறுபக்கத்திற் குளிர்ந்த நீர். நிலத்தின் மேலுள்ள வளி விரிந்து எழ, ஏரியின் மேலுள்ள பாரமான குளிர்வளி அவ்விடத்தை நிரப்பக் கரையேறுகின்றது. கடற்கரை மக்கள் கடற்காற்று என்பதை ஏரிக்கரை மக்கள் ஏரிக்காற்று என்பர். ஆகவே சிக்காகோவின் நில அறிவித்தலில், 'ஏரிக்கருகே குளிர் கூடும்' என்னும் தொடர் இளவேனிலில் அடிக்கடி இடம்பெறும். ஒரே நகரின் உட்பகுதிக்கும் கரைக்கும் 10 பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு இருத்தல் அங்குப் புதுமையன்று. சிலவேளை இக்குளிர்வளி சுவர் போலத் திடீரென நகருட் புகும். ஒரு மணித்தியாலத்துக்குள் வெப்பநிலை பாய்ந்து இறங்கும். இதனை மில்வாக்கியின் வானிலையாளர் 'நிமோனியா முகப்பு' எனப் பெயரிட்டு அழைப்பர்.

இக்குளிர் தீமை மட்டுமே செய்வதென்று கருதலாகாது. ஏரியின் கிழக்குக் கரையில், மிச்சிகன் மாநிலத்திலே, செரி, அப்பிள் முதலிய பழத்தோட்டங்கள் நீண்டு கிடக்கின்றன. மேல்காற்று ஏரியைக் கடந்து குளிர்ந்து வந்து மரங்களை அவசரப்பட்டு மலரவிடாது தடுக்கின்றது. உறைபனியின் அபாயம் நீங்கிய பின்னரே மொட்டுக்கள் விரியும். அக்காவல் தவறின் விளைவு யாதென்பதை 2012ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் கோடை போன்ற வெப்பம் வந்து மொட்டுக்களை வாரக்கணக்கில் முந்தி விரியச் செய்தது. ஏப்பிரலில் உறைபனி திரும்பியது. மிச்சிகனின் புளிப்புச் செரி விளைச்சலில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது. எனவே, 'இரவிற் கரைக்கு அப்பால் உறைபனி' என்னும் ஒரு வரி, தோட்டக்காரனுக்கு ஓராண்டின் உணவையே குறிப்பதாகும்.

இனி, நீரின்மேற் செல்வோருக்கான பகுதியை நோக்குவோம். தெற்கிலிருந்து வரும் ஈரமான இளஞ்சூட்டு வளி குளிர்நீரின்மேற் படர்ந்ததும் அதிலுள்ள ஆவி ஒடுங்கி மூடுபனியாகின்றது. கரையில் வெயில் எறிக்க, அரை மைல் தொலைவில் வள்ளம் வழியறியாது நிற்கும். சுப்பீரியர் ஏரியையும் ஹியூரன் ஏரியையும் இணைக்கும் சூ கதவணைகள் மாரியில் மூடப்பட்டு மார்ச்சு 25ஆம் நாளளவில் திறக்கப்படுவதால், பெருங்கப்பல்களும் அப்பனியூடே செல்லத் தொடங்கிவிடும். சிறு வள்ளத்தைக் கண்டதும் நிறுத்திவிட அவற்றால் இயலாது.

காற்று 22 முதல் 33 நொட் வரை வீசுமென எதிர்பார்க்கப்படின் சிறு வள்ளங்களுக்கான அறிவுறுத்தலும், 34 முதல் 47 வரை எனின் கடுங்காற்று எச்சரிக்கையும், அதற்கு மேற்படின் புயல் எச்சரிக்கையும் விடுக்கப்படும். அலையின் உயரம் கூறப்படும்போது ஒன்றை உணர்ந்துகொள்ளல் வேண்டும். அவ்வெண், எழும் அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியாகும். ஆதலால் நான்கு அடி என்று கேட்டவன் எட்டு அடி அலையொன்றைச் சந்திப்பின் அறிவித்தல் பொய்த்தது என்று கூறுதல் பொருந்தாது. நிலத்திலிருந்து ஏரி நோக்கி வீசும் காற்றோ இன்னும் ஏமாற்றவல்லது. கரையோரத்தில் நீர் கண்ணாடி போற் கிடக்கும். செல்லச் செல்ல அலை வளரும். திரும்ப முயல்வோனைக் காற்று எதிர்த்துத் தள்ளும்.

முற்கூறப்படாத ஆபத்தும் ஒருகால் உண்டாயிற்று. 1954ஆம் ஆண்டு யூன் 26ஆம் நாட் காலை, கடும்புயற்கோடு ஒன்று ஏரியின் தென்பகுதியைக் கடந்து சென்றது. அதன் அமுக்க மாற்றமும் காற்றும் நீரைத் தள்ளிச் சென்று தென்கிழக்குக் கரையில் மோதச் செய்தன. மோதிய நீர் திரும்பியது. சிக்காகோவில் வானம் அமைதியடைந்து, மக்கள் மீன்பிடிக்கத் தூண்டில்களோடு அமர்ந்திருந்த வேளையில், ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரத்துக்கு நீர் எழுந்து வந்து எண்மரின் உயிரைக் கொண்டுசென்றது. சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் பிளாட்ஸ்மன் இந்நிகழ்ச்சியைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் விளக்கினார். புயல் கடந்த பின்னும் ஏரி அடங்குவதில்லை என்னும் பாடம் அதன் பயனாகக் கிட்டியது.

இளவேனிலின் தொடக்கத்தில் வானிலையாளனுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஏரியின் நடுவே நின்று காற்றையும் அலையையும் நீரின் சூட்டையும் அளந்து அனுப்பும் மிதவைகள், பனிக்கட்டிக்கு அஞ்சி மாரிக்கு முன் அகற்றப்பட்டு, இளவேனிலிலேயே மீண்டும் இடப்படுகின்றன. அவை வந்து சேரும்வரை, கரை நிலையங்கள், கப்பல்களின் செய்திகள், செய்மதிப் படங்கள், கணினிக் கணிப்புக்கள் ஆகியவற்றைக் கொண்டே அவன் முடிவு செய்தல் வேண்டும்.

நேயர் ஒருவர் வினவலாம்: காற்று மெலிது, அலை சிறிது, வானம் தெளிவு என்று அறிவித்தல் கூறின் அஞ்சுவதற்கு யாதுளது? அஞ்சவேண்டியது நீரையே. 4 அல்லது 5 பாகை நீரில் வீழ்ந்தவன் முதல் நிமிடத்தில் தன்னையறியாது மூச்செறிந்து திணறுவான்; அப்பொழுதே நீரை உட்கொள்வோர் பலர். ஏறக்குறையப் பத்து நிமிடங்களிற் கைகால்கள் பயனற்றுப்போம். நன்கு நீந்துபவனும் நீந்த இயலான். உணர்வு மறைதற்கோ ஒரு மணித்தியாலம் வரை செல்லலாம். அந்த ஒரு மணித்தியாலத்தை அவனுக்குப் பயன்படச் செய்வது, வள்ளத்தில் ஏறுமுன்னரே அணிந்துகொண்ட உயிர்காப்பு அங்கி ஒன்றே.

ஆகையால் ஏரிக்கரையில் வாழ்வோர் இளவேனிலில் இரு செய்திகளை ஒருங்கே கேட்கப் பழகுகின்றனர். நிலத்தின் வெப்பநிலை, வீட்டினின்று புறப்படுவோன் எவ்வாடை உடுக்கவேண்டும் என்பதைக் கூறுகின்றது. வள்ளத்தில் ஏறுவோன் அதனை ஒருபுறம் வைத்து, நீரின் வெப்பநிலைக்கு ஏற்பவே உடுத்தல் வேண்டும். வெயில் எவ்வளவு இனிதாயினும் ஏரி தன் மாரியை இன்னும் விடவில்லை என்பதே அந்த நான்கு வரிகளின் பொருளாகும்.