நன்கொடையைப் பார்க்காதீர்கள், கடனைப் பாருங்கள்

சிங்கப்பெருமாள் கோயில் பெருமக்களே! பெரிய வங்கிகளில் எதற்குச் சமூகப் பொறுப்பு அதிகம் என்று கேட்டால், எல்லோரும் நன்கொடைக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். 2023-24 நிதியாண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் நிகர லாபம் சுமார் 61,000 கோடி ரூபாய். எச்.டி.எஃப்.சி. வங்கிக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். சமூகப் பொறுப்புச் செலவிலோ முன்னது சுமார் 500 கோடி, பின்னது 945 கோடி. தனியார் வங்கிக்கே மனம் பெரிது என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது. ஸ்டேட் வங்கி 1955ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் பிறந்தது. அந்தப் பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது. முந்தைய ஆண்டு லாபத்தில் 1 சதவீதம் என்பது அது தனக்கு வகுத்துக்கொண்ட கொள்கை. ஆக, நாம் ஒப்பிட்டது இரண்டு விதிகளைத்தான், வங்கிகளின் குணத்தை அல்ல.

அதே ஆண்டில் ஸ்டேட் வங்கியின் கடன் நிலுவை 37 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 7,000 ரூபாய் கடனுக்கு ஒரு ரூபாய்கூட நன்கொடை இல்லை. அந்த ரூபாய் பள்ளிக்குக் கழிப்பறையாகிறது, மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் ஆகிறது. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரகடம் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் நம் மண்ணின் முகத்தை மாற்றுவது மற்ற 7,000 ரூபாய். ஏரிக்கு வரும் கால்வாய் மூடப்படுமா, கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விகளைக் கடன் கையெழுத்தாகும் முன்பே வங்கிகள் கேட்டாக வேண்டும். பசுமைப் பெயர் மட்டும் போதாது என்பதற்கு யெஸ் வங்கி சாட்சி. 2015இல் இந்தியாவின் முதல் பசுமைப் பத்திரத்தை வெளியிட்ட அந்த வங்கியில், 2020 மார்ச்சில் வாராக்கடன் முற்றி, 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள்.

இப்படி நிபந்தனை போட்டால் தொழில் ஓடிவிடும், நம் பிள்ளைகளின் வேலை போய்விடும் என்பார்கள். நியாயமான கவலைதான். நெம்மேலியைப் பாருங்கள். அங்குள்ள இரண்டாவது கடல்நீர்க் குடிநீர் ஆலைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி நிதி தந்தது. சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்புகளை ஆராய்ந்தே கடன் தருவது அதன் வழக்கம். அதனால் ஆலை நின்றுவிடவில்லை. நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனோடு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்தக் கரையின் மீனவர் குறைகளெல்லாம் தீர்ந்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வு தொழிலை விரட்டாது என்கிறேன். கடனின் விளைவு வெளியே தெரியவும் வேண்டும். இன்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, பெரிய வங்கிகள் தங்கள் அலுவலக மின்சாரத்தையும் டீசலையும் கணக்குக் காட்டியே தீர வேண்டும். கடன் வாங்கியோர் விடும் புகையைச் சொல்வது மட்டும் அவர்கள் விருப்பம். அதையும் கட்டாயமாக்கச் சொல்லி, செபிக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இந்த அவையிலிருந்தே எழுதுவோம்.